ஆறு எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "சிங்கப்பூரில் ஒரு மாலை சும்மா கிடைத்தால் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் ஆற்றைப் பாருங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி "எந்த ஆறு?" என்று கேட்கின்றன, மீதி "போய்ப் பார்த்தோம், நீங்கள் சொன்ன ஆறு எங்கே?" என்று கேட்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கே: மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீடு அங் மோ கியோவில். பகலில் நானும் நான்கு வயதுப் பேத்தியும்தான். பூங்கா கிட்டத்தில்தான் என்கிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் போய்வர முடியுமா? எந்த நேரம் நல்லது? (வாசகி, அங் மோ கியோ)

ப: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. டிக்கெட் கிடையாது, பூட்டுகிற கேட்டும் கிடையாது. அங் மோ கியோ அவென்யூ 1 ஓரமாகவே பூங்கா நீண்டு கிடக்கிறது, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், பேத்தி தூக்கச் சொல்லி அடம்பிடித்தால் பஸ்.

நேரம்தான் முக்கியம். நம் ஊர் நினைப்பில் ஐந்தரைக்கு எழுந்து கிளம்பிவிடாதீர்கள், இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். ஏழேகாலுக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். பத்து மணிக்கு மேல் அந்தப் புல்வெளியில் நிற்பது வீண் தண்டனை, வெயில் அவ்வளவு ஏறாவிட்டாலும் புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். மதியத்துக்கு மேல் இடி மழைக்கு வேறு வாய்ப்பு அதிகம். குடை, தண்ணீர், பேத்திக்கு மாற்று உடுப்பு ஒன்று. மாற்று உடுப்பு எதற்கு என்பது போன பிறகு தெரியும்.

பூங்கா மொத்தம் 62 ஹெக்டேர், அதாவது 150 ஏக்கருக்கு மேல். முழுதும் சுற்றிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நடுவே மேரிமவுண்ட் சாலை ஓடி அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதியில் குளங்கள், மறு பாதியில் ஆற்றுச் சமவெளி. நான்கு வயதுக்குக் குளப்பக்கம்தான் சரி. தாமரை இருக்கிறது, தும்பி இருக்கிறது. தண்ணீரை ஒட்டி நிற்கும் தண்டுகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், பளீரென்ற ரோஸ் நிறத்தில் சின்னச் சின்ன முத்துகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஆப்பிள் நத்தையின் முட்டை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட நத்தை. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், பேத்தி கையை நீட்டுவாள், தொடவிட வேண்டாம்.

அந்தப் பக்கம் படிப்படியாக நாணலும் செடிகளும் நட்ட பாத்திகள் இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைத்து எல்லாரும் கடந்து போகிறார்கள். குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றி அந்தப் பாத்திகள் வழியாகக் கசியவிட்டு, வேர்களைக் கொண்டே அழுக்கை எடுத்துத் திரும்பக் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழந்தைகளின் தண்ணீர் விளையாட்டுத் திடலுக்கு வருவதும் இப்படிச் சுத்தமான தண்ணீர்தான், அதற்கு மட்டும் கூடுதலாகப் புற ஊதாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். உங்களுக்குக் கால் வலித்தால் முதியவர்களை மனதில் வைத்து அமைத்த சிகிச்சைத் தோட்டம் ஒன்றும் உண்டு, அங்கே உட்காருங்கள்.

கே: நீங்கள் எழுதியதை நம்பிக் குடும்பத்தோடு போனோம். ஆறு என்றீர்கள். கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு ஓடை ஓடுகிறது, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்குப் புல். இதற்கா இத்தனை பில்டப்? (வாசகர், தோ பாயோ)

ப: கோபம் நியாயம். ஆனால் ஐயா, நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அந்தப் புல்வெளி இருக்கிறதே, அதுவும் ஆறுதான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன். இது காலாங் ஆறு, லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டுத் தெற்கே மரினா பகுதி வரை சுமார் 10 கிலோமீட்டர், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறே இதுதான். 1910 வாக்கிலேயே மேலே அணை போட்டுத் தேக்கிவிட்டார்கள், ஆகவே மழையில்லாத நாளில் பெரிதாகத் தண்ணீர் வராது. மழை பெய்தால் கதை வேறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர், அதுவும் அரை மணியில் கொட்டித் தீர்க்கிற மழை. அங் மோ கியோ, பீஷான் அடுக்குமாடி புளோக்குகளின் கூரை, கார் நிறுத்துமிடம், சாலை எல்லாவற்றிலும் விழுகிற தண்ணீர் வடிகால் வழியாகச் சில நிமிடங்களில் இங்கே வந்து சேரும்.

அதைச் சமாளிக்க அந்தக் காலத்தில் செய்தது கான்கிரீட் கால்வாய். ஆற்றை நேராக்கி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, வந்த தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்குத் துரத்துவது. 1988இல் பீஷான் பூங்கா திறந்தபோது ஆறு அதன் ஓரத்தில் 2.7 கிலோமீட்டர் நீளக் கால்வாயாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கா இந்தப் பக்கம், கால்வாய் அந்தப் பக்கம், நடுவே வேலி. பழைய ஆட்களைக் கேளுங்கள், எட்டிப் பார்த்தால் வீட்டில் திட்டு விழும் என்பார்கள்.

2000களின் நடுவில் கால்வாய்க்கு வயதாகிவிட்டது, அகலப்படுத்தவும் வேண்டியிருந்தது. இன்னும் பெரிய கான்கிரீட்டாகக் கட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து, வேலியை எடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைய விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தன. தண்ணீர் ஒரு துறை, புல் இன்னொரு துறை. இரண்டும் ஒரே நிலத்தைப் பங்குபோட ஒத்துக்கொண்டதுதான் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஜெர்மனியின் அட்டெலியே டிரைசைட்ல் நிறுவனம் வடிவமைத்தது, 2009இல் வேலை தொடங்கி 2012 மார்ச்சில் திறந்தார்கள், செலவு சுமார் 7.6 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

கால்வாய் 17 முதல் 24 மீட்டர் அகலம்தான் இருந்தது. இப்போது பெருமழையில் ஆறு விரியக்கூடிய அகலம் கிட்டத்தட்ட 100 மீட்டர். சுவரை எடுத்துவிட்டுச் சரிவாகப் புல் போட்டதால் முன்பைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகத் தண்ணீரைக் கொண்டுபோகும். மழையில்லாத நாளில் அந்த இடம் உங்களுக்கு, மழை வந்தால் ஆற்றுக்கு. வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது நாம் குடியிருக்கிற மாதிரி, அவ்வளவுதான் நமக்கு உரிமை.

கரை எப்படி நிற்கிறது என்பது இன்னொரு சுவாரசியம். குச்சிக் கட்டுகள், கல், தென்னை நார், மண்ணைச் சுற்றிய துணி, அதில் வேர்விடும் செடிகள். ஐரோப்பாவில் பழக்கத்தில் இருக்கிற முறை, வெப்பமண்டலச் செடிகளை வைத்து இங்கே யாரும் செய்ததில்லை என்பதால் முதலில் பூங்காவிலேயே ஒரு சின்ன வாய்க்காலில் பல முறைகளைச் செய்து பார்த்து, தேறியவற்றை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். வேர் பிடிக்கப் பிடிக்கக் கரை கெட்டியாகும். கான்கிரீட்டுக்கு வயதானால் விரிசல்.

அடுத்த முறை ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போங்கள். ஓடை பழையபடி கணுக்கால் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் கரைப் புதர்களைப் பாருங்கள். உலர்ந்த புல், இலைச் சருகு, சில நேரம் ஒரு பிளாஸ்டிக் நாடா, இடுப்பளவு உயரத்தில் கிளைகளில் சிக்கித் தொங்கும், புல் எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்ந்து படுத்திருக்கும். முந்தின நாள் தண்ணீர் எதுவரை வந்தது என்று அதிலேயே அளந்துகொள்ளலாம். அப்புறம் சொல்லுங்கள் பில்டப்பா இல்லையா என்று.

கே: மேலே எழுதியவரின் புல்வெளியில் என் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். திடீரென்று தண்ணீர் வந்தால்? வேலி கூட இல்லையே. (வாசகி, ஹவ்காங்)

ப: கேட்க வேண்டிய கேள்வி. வேலி இல்லை, ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. ஆற்றில் நீர்மட்டத்தைக் கவனிக்கிற உணர்கருவிகள் இருக்கின்றன. மட்டம் உயரத் தொடங்கினால் அபாயச் சங்கு ஒலிக்கும், விளக்கு மின்னும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். கரையில் சிவப்பு நிறத்தில் எல்லைக் குறிகள் நட்டிருப்பார்கள், கூடவே உயிர்காப்பு வளையங்கள். சரிவும் ஏறிப்போகத் தோதாக மெதுவாகத்தான் எழும்புகிறது, செங்குத்துச் சுவர் இருந்த காலத்தில் உள்ளே விழுந்தவர் ஏறவே முடியாது. இந்த ஒரு விஷயத்தில் இப்போதைய ஆறு பழைய கால்வாயைவிடப் பாதுகாப்பு என்றே சொல்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சங்கு ஒலித்தால் பாயை மடிக்க நிற்காதீர்கள், பந்தை எடுக்க ஓடாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிவப்புக் குறிகளுக்கு மேலே ஏறுங்கள். சங்கு ஒலிக்கும் வரை காத்திருப்பதும் வேண்டாம். லோவர் பியர்ஸ் பக்கம் வானம் கறுத்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் தண்ணீரை விட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, இடி. வெட்ட வெளியில் தண்ணீருக்குப் பக்கத்தில் குடை பிடித்து நிற்பதும் மரத்தடியில் ஒதுங்குவதும் கூடாது, முதல் இடிச் சத்தத்துக்கே கூரைக்குக் கீழ் போய்விட வேண்டும்.

ஆற்றைக் கடக்கப் போட்டிருக்கும் படிக்கற்களில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வறண்ட நாளில் தாராளமாக விடலாம், கையைப் பிடித்துக்கொண்டு. கல்லில் பாசி இருக்கும். மழைக்குப் பிறகு, தண்ணீர் கலங்கலாக இருக்கும் வரை, ஆற்றில் கால் வைக்கவே வேண்டாம். சாலை அழுக்கெல்லாம் அதில்தான் வந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவச் சொல்ல நான் தேவையில்லை, நீங்கள் அம்மா.

கே: நீர்நாய் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? (பள்ளி மாணவர், செங்காங்)

ப: நீர்நாய்க்கு யாரும் டைம்டேபிள் கொடுக்கவில்லை தம்பி. பெரும்பாலும் அதிகாலையும் சாயங்காலமும். தண்ணீரில் ஒரே திசையில் மூன்று நான்கு கோடுகள் வேகமாக நகர்ந்தால் அதுதான். கரைக்கு வந்ததும் மீனைத் தலையிலிருந்து கடித்து நொறுக்குகிற சத்தம் நன்றாகவே கேட்கும்.

ஆனால் ஒன்று, இன்றைக்கு இந்தப் பூங்காவில்தான் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. 2014 வாக்கில் இங்கே ஒரு ஜோடி குடியேறி, குட்டி போட்டு, 'பீஷான் குடும்பம்' என்று பெயர் வாங்கியது. அடுத்த ஆண்டே அது ஆற்று வழியாகக் கீழே போய், மரினா பக்கம் இருந்த இன்னொரு குடும்பத்தோடு சண்டைபோட்டு அந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. ஊரே செய்தி படித்துக் கட்சி பிரிந்து நின்றது! இந்த நீர்நாயை யாரும் கொண்டுவந்து விடவில்லை என்பதுதான் விஷயம். பூங்காவை மாற்றிய பிறகு எந்த விலங்கையும் வெளியிலிருந்து கொண்டுவராமலேயே இரண்டு ஆண்டுகளில் உயிரின வகைகள் சுமார் 30 சதவீதம் கூடின. இடம் சரியானால் அதுவாகவே வரும்.

பக்கத்தில் போகாதே, குறிப்பாகக் குட்டிகள் இருந்தால். 2021 கடைசியில் தாவரவியல் பூங்காவில் காலை நடைக்குப் போன ஒருவரை ஒரு கூட்டமே கடித்துவிட்டது. செல்ஃபி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள். நீர்நாய் கிடைக்காவிட்டாலும் சாம்பல் நாரை, மீன்கொத்தி, உடும்பு இவற்றில் ஒன்றாவது கிடைக்கும்.

கே: குளத்து மீனுக்குப் பொரி, ரொட்டி போடலாமா? புண்ணியம்தானே? (வாசகி, உட்லண்ட்ஸ்)

ப: வேண்டாம். ரொட்டி மீனுக்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது. காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது 2020 முதல் சட்டப்படி குற்றம். மீனுக்குத்தான் போட்டேன் என்று அதிகாரியிடம் வாதாடலாம், ஆனால் காலடியில் புறாக் கூட்டம் நின்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொரியை வீட்டிலேயே தாளித்துச் சாப்பிடுங்கள்.

கே: பீஷான் முழுக்கச் சுடுகாடாக இருந்த இடமாமே? இருட்டிய பிறகு போகலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: பெயர் வேண்டாம் என்பதிலேயே பயம் தெரிகிறது. ஆமாம், பீஷான் நகர் எழுந்தது பெக் சான் தெங் என்ற பழைய சீன இடுகாட்டு நிலத்தில்தான், அது 1870இல் தொடங்கியது. வீடு கட்டுவதற்காக 1980களின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், அஸ்தி வைக்கும் மாடம் இன்றும் அங்கே இருக்கிறது, உறவினர்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். 1987இல் ரயில் ஓடத் தொடங்கியதுமே பீஷான் நிலையத்துக் கடைசி ரயில் பற்றிப் பேய்க்கதைகளும் ஓடத் தொடங்கிவிட்டன.

பூங்காவில் இரவு எட்டு ஒன்பது வரை அலுவலகம் விட்டு ஓட வருகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள், தாய்ச்சி உடற்பயிற்சி பழகுகிறவர்கள் என்று ஜேஜே என்றிருக்கும். பேய் வந்தாலும் இடம் கிடைக்காது.

கே: கார்டன்ஸ் பை தி பே, மரினா பே எல்லாம் இருக்கும்போது, வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஒரு வட்டாரப் பூங்காவுக்கு அனுப்புகிறீர்களே, நியாயமா? மூன்றே நாள்தான் வருகிறோம். (வாசகர், கோயம்புத்தூர்)

ப: மூன்று நாள் என்றால் அனுப்பமாட்டேன். குழந்தைகளுக்குக் கார்டன்ஸ் பை தி பே காட்டுங்கள், கண்ணாடிக் கூடாரங்களுக்குத்தான் டிக்கெட், வெளித்தோட்டமும் அந்த ராட்சத இரும்பு மரங்களும் இலவசம்.

ஒரு வாரம் இருந்தால்தான் என் பேச்சு. மரினாவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற விருந்தாளிகளை. பீஷானில் பார்ப்பது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து செருப்பு மாட்டிக்கொண்டு வந்த ஆட்களை. சக்கர நாற்காலியில் தாத்தாவைத் தள்ளிக்கொண்டு வரும் பணிப்பெண், சீருடையோடு ஓடைக்குள் வலை விட்டுப் பார்த்துவிட்டு மீனைத் திரும்ப விடுகிற பையன்கள், கல்யாணப் போட்டோ எடுக்கப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கற்களில் தடுமாறுகிற ஜோடி. சுற்றுலாக்காரர்களுக்காக யாரும் எதையும் அடுக்கி வைக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு காலாங் ஆறு போய்ச் சேர்வது கடலில் இல்லை, மரினா நீர்த்தேக்கத்தில். அது குடிநீர் ஆதாரம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை இப்படி ஏதாவதொரு நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நீங்கள் மரினாவில் நின்று படம் எடுக்கிற தண்ணீரில் கொஞ்சம், முந்தைய வாரம் பீஷானில் புல்லை நனைத்துவிட்டு வந்ததாக இருக்கும். சிப்ஸ் பாக்கெட்டைப் புல்லில் விட்டுவிட்டு வராதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

கே: இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. கூவத்தை இப்படிச் செய்ய முடியாதா? (வாசகர், சென்னை, சிந்தாதிரிப்பேட்டை)

ப: இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். வளைத்து வளைத்து அழகாக்குவது கடைசி வேலை ஐயா. முதல் வேலை சாக்கடையைப் பிரிப்பது. இங்கே மழைநீருக்கு ஒரு தனிப் பாதை, கழிவுநீருக்கு வேறொரு குழாய், இரண்டும் எங்கேயும் கலப்பதில்லை. அதனால்தான் பீஷானில் குழந்தையை ஓடையில் இறங்கவிட முடிகிறது. கழிவு கலந்துகொண்டே இருக்கிற ஆற்றுக்குப் புல்வெளி போட்டால், மழை வந்ததும் அந்தக் கழிவு புல்வெளியில் ஏறும்.

காலாங் ஆற்றுப் படுகையும் ஒரு காலத்தில் நாறிக்கொண்டுதான் இருந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டு கெடு வைத்தார், 1987இல் முடித்தார்கள். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, ஆற்றோரக் குடிசைகள், தெருவோரக் கடைகள், படகுத் துறைகள் எல்லாம் இடம் மாற்றப்பட்டன அல்லது மூடப்பட்டன. வீடு கிடைத்தது, உணவங்காடிக் கடை கிடைத்தது, நிஜம். ஆனால் பண்ணைத் தொழிலே கைவிட்டுப் போனவர்களும் உண்டு, அவர்கள் கதையைச் சொல்லாமல் இதைப் பெருமையாக மட்டும் பேச எனக்கு மனசு வராது. சுத்தமான ஆறு 1987இல் கிடைத்தது, வளைகிற ஆறு 2012இல். இடையே 25 வருடம். கூவத்துக்கு வெறும் பூங்காத் திட்டத்தோடு யாராவது வந்தால், கழிவுநீர்க் குழாய் வரைபடத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

கே: இத்தனை தண்ணீர், புதர். கொசு, பாம்பு? (வாசகி, செம்பவாங்)

ப: டெங்குக் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். ஓடுகிற ஆற்றில், மீனும் தும்பிக் குஞ்சும் இருக்கிற குளத்தில் அதற்குப் பிழைப்பு கஷ்டம். உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில்தான் சுகம். ஆனாலும் மாலையில் மற்ற கொசுக்கள் கடிக்கும், மருந்து தடவிக்கொள்ளுங்கள். பாம்பு இருக்கலாம், சிங்கப்பூரின் வடிகால்களில் மலைப்பாம்பே உண்டு. பார்த்தால் விலகி நடங்கள், அதுவும் அதைத்தான் செய்யும். உடும்பைப் பார்த்து முதலை என்று கத்தாதீர்கள்.

கே: 40 ஆண்டுகளாக பீஷான்வாசி நான். நடைபாதையில் சைக்கிள்காரர்கள் தொல்லை தாங்கவில்லை. ஆற்றைப் பற்றி எழுதுகிறவர் இதையும் எழுதுவாரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: எழுதாமல் இருப்பேனா? இந்தப் பூங்கா இணைப்புப் பாதைகளோடு சேர்ந்தது, காலாங் ஆற்றை ஒட்டியே கடற்பக்கம் வரை மிதித்துப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள். அவர்களுக்கு இது சாலை, உங்களுக்கு இது நடை. பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று விதி இருக்கிறது. நடக்கிற குழந்தைக்கு அந்த வேகமே அதிகம் என்பது என் கட்சி.

ஆனால் ஐயா, நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கு பேர் கைகோத்துப் பாதை முழுக்க அடைத்துக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போனால் மணி அடித்தும் என்ன பயன்? இடப்பக்கமாக, இரண்டு பேருக்கு மேல் சேராமல் நடந்தால் பாதிச் சண்டை இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பு, வார நாளில், ஆற்றைவிட்டுத் தள்ளிய புல்வெளி ஓரப் பாதைகளில் சைக்கிள் குறைவு. அங்கேதான் பழைய கால்வாயின் கான்கிரீட் பலகைகளை உடைத்து அடுக்கிக் கட்டிய மேடு ஒன்று இருக்கிறது, 'ரீசைக்கிள் ஹில்' என்று பெயர். மேலே ஏறினால் ஆறு வளைகிற வளைவு முழுதும் தெரியும். 40 ஆண்டு இருந்தவர், வேலிக்கு அப்பால் இருந்த அந்தச் சுவர் உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அதன் மேலேயே நிற்கலாம்.

கே: நடந்து முடித்தபின் எங்கே சாப்பிடுவது? அதைச் சொல்லாமல் பூங்காவைப் பற்றி எழுதி என்ன பயன்? (வாசகர், லிட்டில் இந்தியா)

ப: நியாயமான மனிதர். அங் மோ கியோ பக்கம் வெளியே வந்தால் வீவக புளோக்குகளுக்குக் கீழே காப்பிக்கடைகள், உணவங்காடி நிலையங்கள். காலை எட்டரைக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும், ஞாயிறு என்றால் அதுவும் சந்தேகம். மேரிமவுண்ட் தாண்டிக் குளப்பக்கமாக நடந்தவர்கள் அப்பர் தாம்சன் சாலைக்குப் போங்கள், 2021இல் திறந்த எம்ஆர்டி நிலையமும் அங்கே இருப்பதால் திரும்பி நடக்க வேண்டாம். அந்தச் சாலையின் ரொட்டி பிராட்டாவுக்குத் தீவின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு முட்டை பிராட்டா, ஒரு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காதது), தொட்டுக்கொள்ள மீன் குழம்பு, ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). சைவம் என்றால் பருப்புக் குழம்பு கேளுங்கள். நடந்து கரைத்ததெல்லாம் திரும்ப வந்துவிடும், அதற்கு என்னைக் குறை சொல்லிக் கடிதம் போடாதீர்கள்.